விருந்தாளியாகப் போகும் ஊரில் காலனி எந்தப் பக்கம்?

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் சாதித் தொல்லை விட்டது என்று நம் பிள்ளைகளில் சிலர் நினைக்கிறார்கள். கொங்குப் பகுதியில் வளர்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன்படித்த கவுண்டர் சமூகப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். பிறகு ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். 2019 ஜூனில் மேட்டுப்பாளையத்தில் கனகராஜையும் அவர் காதலித்த தலித் பெண்ணையும் கனகராஜின் கூடப்பிறந்த அண்ணனே வெட்டினார். இருவரும் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட மண்ணில், இணையரின் வீட்டு வாசலை முதன்முதலாக மிதிப்பது என்பது பட்டுப்புடவை எடுக்கும் விஷயமாக இருப்பதில்லை. எந்த பஸ்ஸில் போவது, எந்த வழியாகத் திரும்புவது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று கணக்குப் போடும் விஷயமாக இருக்கிறது. அதனால்தான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போவது, எட்டு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்குப் போவதைவிட நிம்மதியாகத் தெரிகிறது.

அப்படியொரு பயணத்துக்குத் தயாராகும் தோழி ஒருவர் எங்களிடம் யோசனை கேட்டார். திருப்பூரில் வேலை. அருந்ததியர் குடும்பம். இணையர் நைஜீரியாவின் தென்கிழக்கைச் சேர்ந்த இக்போ இனத்தவர். டிசம்பரில் ஊருக்குப் போகிறார்கள். நாம் பொங்கலுக்கு ஊர் திரும்புவதுபோல இக்போ மக்கள் கிறிஸ்துமஸுக்கு எங்கிருந்தாலும் பூர்வீக ஊருக்குத் திரும்புவார்கள். கல்யாணங்களும் அப்போதுதான் நிறைய நடக்கும். மாமியாருக்கு என்ன வாங்கிப் போகலாம், எப்படி வணக்கம் சொல்ல வேண்டும், என்ன ஊசி போட வேண்டும் என்று தோழி ஒரு பட்டியலே வைத்திருந்தார். "அங்கே நமக்கு இந்தப் பிரச்சினை இல்லைங்க, அது ஒண்ணு போதும்" என்றும் சொன்னார்.

பட்டியலில் இல்லாத அந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். அங்கே இந்தப் பிரச்சினை இருக்கிறது.

இக்போ சமூகத்தில் 'ஓசு' என்று ஒரு பிரிவு உண்டு. முன்காலத்தில் ஏதோ ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், அல்லது உயிருக்குப் பயந்து கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள். தெய்வத்தின் சொத்து என்பதால் மனிதர்கள் அவர்களோடு கலக்கக் கூடாது என்றானது. பிள்ளைகளும் ஓசு, பேரப்பிள்ளைகளும் ஓசு. மற்றவர்கள் 'தியாலா', அதாவது சுதந்திரமாகப் பிறந்தவர்கள். ஓசுவைத் தியாலா மணக்கக் கூடாது. குடியிருப்பு தனி. புதைக்கும் இடம் தனி. பெரியவர்கள் கூடும் சபையில் கோலாக் கொட்டையை உடைத்துப் பிரார்த்தனை சொல்லும் உரிமை ஓசுவுக்குக் கிடையாது. கோலாக் கொட்டை என்பது நம் ஊர் வெற்றிலைத் தட்டு மாதிரி; அது இல்லாமல் அங்கே எந்த நல்ல பேச்சும் தொடங்காது. எனவே இதை டீக்கடை இரட்டைக் குவளையின் தூரத்து உறவு என்று சொன்னால் தப்பில்லை.

சட்டத்தில் இது ஒழிந்துவிட்டது. 1956இல் கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955. ஒரு வருடம்தான் வித்தியாசம். நமக்கு அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு இருப்பதுபோல, 1999ஆம் ஆண்டு நைஜீரிய அரசியலமைப்பின் 42ஆவது பிரிவு, பிறப்பின் சூழ்நிலையைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனுக்கும் குறை வைக்கக் கூடாது என்கிறது. சட்டம் என்ன கதியில் இருக்கிறது என்று கேட்டால், 2018 டிசம்பரில் இன்றி என்ற பழம்பெரும் ஊரில் மறுபடியும் ஒரு சடங்கு நடத்தி ஓசு முறையை ஒழிப்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு வருடம் கழித்து! நாமும் இதேமாதிரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு இதேமாதிரி வாழ்கிறோம் என்பதால், அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லை.

சினுவா அச்செபேயின் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியும். 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலைப் படித்தவர்களும் அதில் வரும் ஓசுக்களை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். புதிதாக வந்த தேவாலயத்துக்குள் ஓசுக்கள் நுழைய வருகிறார்கள். ஏற்கெனவே மதம் மாறியவர்கள், "இவர்களோடு எப்படி உட்காருவது" என்று கொதிக்கிறார்கள். கிறிஸ்தவத்துக்குள் சாதி நுழைந்த கதையை நாம் கோவையிலும் ஈரோட்டிலும் கல்லறைத் தோட்டங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கேயும் அதுதான். 1960இல் வந்த அவருடைய 'நோ லாங்கர் அட் ஈஸ்' இன்னும் நேரடியானது. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஓபி, கிளாரா என்ற நர்ஸைக் காதலிக்கிறான். கிளாரா ஓசு. ஓபியின் அப்பா வாழ்நாளெல்லாம் தேவாலயத்துக்கு ஊழியம் செய்தவர். அவரே வேண்டாம் என்கிறார். அம்மா, தான் உயிரோடு இருக்கும்போது இந்தக் கல்யாணம் நடந்தால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறார். இந்த வசனத்தைக் கேட்காத காதல் ஜோடி நம் பகுதியில் உண்டா?

இக்போ மக்களோடு இது நிற்கவில்லை. செனகலில் வோலோஃப் மக்களிடையே 'கேர்' என்றால் உயர்ந்தவர்கள். 'ஞேஞோ' என்றால் கொல்லர், தோல் வேலைக்காரர், பாட்டுச் சொல்லும் கிரியோக்கள் போன்ற கைத்தொழில் சாதிகள். இடையில் கல்யாணம் கூடாது. கிரியோ இறந்தால் மண்ணில் புதைத்தால் மண் கெட்டுவிடும் என்று, பொந்து விழுந்த பாவோபாப் மரத்துக்குள் பிணத்தை வைக்கும் வழக்கம் செனகலில் சில பகுதிகளில் 1960கள் வரை இருந்தது. சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலியின் உலகப் புகழ் பாடகர் சாலிஃப் கெய்த்தா அரச வம்சத்தில் பிறந்தவர். பாடுவது கீழ்ச்சாதித் தொழில் என்பதால், அவர் பாடப் போனபோது வீட்டில் எதிர்ப்பு. பறையைக் கையில் எடுத்த ஆதிக்கசாதிப் பையனை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், "எங்கேயும் சாதி இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்" என்று கைவிரிப்பதற்கு அல்ல. அந்த வசனம் ஆதிக்கசாதிக்காரர்களுக்குப் பிடித்தமானது. நமக்கு அது தேவையில்லை. நம் தோழி அந்த வீட்டில் எங்கே உட்காரவைக்கப்படுவார் என்பதுதான் எங்கள் கவலை.

நன்றாகத்தான் உட்காரவைப்பார்கள். ஓசுவா தியாலாவா என்று பெண்ணின் பூர்வீகத்தைத் துருவி விசாரிக்கும் வழக்கம் இக்போ கல்யாணப் பேச்சில் முறையான ஒரு கட்டம். 'உமுன்னா' என்ற பங்காளிக் கூட்டம் கூடி இதைச் செய்யும். கவுண்டர் வீடுகளில் "எந்தக் கூட்டம், எந்தக் கோயில்" என்று கேட்பதுபோல. ஆனால் வெளிநாட்டுப் பெண்ணிடம் அந்தக் கேள்வி செல்லாது. இந்தியப் பெண் என்றால் இந்தியப் பெண், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைத்தோல்காரர்களைக் குறிக்கும் 'ஓயிபோ' என்ற சொல்லால் அங்கே இந்தியர்களையும் கூப்பிடுவார்கள். ஒண்டிப்புதூர் பஸ்ஸில் 'கருவாச்சி' என்று கேலி செய்யப்பட்ட பெண், அங்கே தெருக்குழந்தைகள் பின்னாலேயே ஓடிவர 'ஓயிபோ' ஆகிவிடுவார். பிறந்ததிலிருந்து கிடைக்காத மரியாதை ஒரே விமானத்தில் கிடைத்துவிடும்.

அந்த மரியாதையை எப்படி வாங்கிக்கொள்வது என்பதைத்தான் கிளம்பும் முன்னால் யோசிக்கச் சொல்கிறோம்.

கோவைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு பாராட்டு உண்டு: மரியாதை தெரிந்த ஊர். "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்று இங்கே பேச்சுக்குப் பேச்சு 'ங்க' விழும். உண்மைதான். அந்த 'ங்க' எந்த இடத்தில் நின்றுபோகும் என்பது நமக்குத் தெரியும். எழுபது வயது அருந்ததியர் தாத்தாவைப் பத்து வயதுத் தோட்டத்துப் பையன் பெயர் சொல்லி "டேய்" என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர், சென்னையிலிருந்து வந்த சினிமாக்காரர், ஊருக்குள் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு, கொங்கு விருந்தோம்பல் பற்றி எழுதிவிட்டுப் போய்விடுவார். வளவு பக்கம் அவர் கால் வைப்பதே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அவரை அழைத்துப் போனவர் அந்தப் பக்கம் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. (அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லது. சாலை வளைந்து போகும் அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.)

அந்த விருந்தாளியாக நம் பிள்ளைகள் போய்விடக் கூடாது. நம்மைத் தவிர வேறு யாராவது அப்படிப் போனால் அறியாமை என்று விட்டுவிடலாம். திண்ணைக்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்த நாமே போய், "அங்கே ரொம்ப அன்பான மக்கள்" என்று மட்டும் சொல்லித் திரும்பினால் அது அறியாமை ஆகாது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? முதல்முறை வீட்டுக்கு வந்த மருமகள் சபையில் எழுந்து ஓசு ஒழிப்புப் பிரசங்கம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதைவிட முக்கியம், "நீங்கள் ஓசுவா" என்று யாரிடமும் பொது இடத்தில் கேட்கவே கூடாது. நம் சாதியை டீக்கடையில் வைத்து ஒருவர் உரக்கக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான். பேச வேண்டிய ஆள் இணையர் மட்டுமே. பேச வேண்டிய இடம் இங்கே, டிக்கெட் போடுவதற்கு முன்னால். உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்? ஊரில் ஓசு குடும்பங்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் தங்கை ஓசு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கும் விநாடிகளில் உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும். ஒருவேளை அவரே ஓசுவாக இருக்கலாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கலாம். திருப்பூருக்கு வந்தால் அந்தப் பெயர் தொடராது என்று அவரும் நம்பியிருக்கலாம். அதை யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பது முழுக்க அவர் உரிமை.

கேட்பதற்கு முன்னால் நாமும் சொல்ல வேண்டும். 'இந்தியன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகும் ஆசை எல்லாருக்கும் வரும். அம்மா துப்புரவுப் பணியாளர் என்பதை 'அரசு வேலை' என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் நீங்கள் யார் என்று தெரியாத ஒருவரிடம், அவர் ஊரின் சாதியைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்? எங்கள் தோழி இணையரிடம் சாதியைச் சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லியிருக்கவில்லை. பெயர் தெரிந்திருந்தது, வளவு தெரியாது. அதைச் சொல்ல ஒரு சாயங்காலம் போதாது.

"அவர்கள் கலாச்சாரத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்" என்று நண்பர்கள் சிலர் எங்களிடம் வாதாடினார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். 1956 சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் இக்போ மக்கள். அதை எதிர்த்து நாவல் எழுதியவர் இக்போக்காரர். நைஜரில் 1991இலிருந்து 'திமித்ரியா' என்ற அமைப்பு பரம்பரை அடிமைமுறையை எதிர்த்துப் போராடுகிறது. அவர்கள் எல்லாரும் அந்த மண்ணின் மக்கள். 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாது என்று இந்திய அரசு அடம்பிடித்தபோது நம் ஆட்கள் அங்கே போய் நின்றார்கள். மறுவருடம் ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாடு பற்றிய 29ஆவது பொதுப் பரிந்துரையில் சாதியையும் அதைப்போன்ற முறைகளையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் கண்டித்தது. 'அதைப்போன்ற முறைகள்' என்பதற்குள் ஓசுவும் வரும், ஞேஞோவும் வரும். எனவே நாம் அங்கே தலையிடப் போகவில்லை. ஏற்கெனவே ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்க்கப் போகிறோம்.

இன்னொரு மூட்டையையும் இங்கேயே இறக்கிவைக்க வேண்டும். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்க வந்த நைஜீரியர்களை நம் ஊர் எப்படி நடத்தியது? வீடு வாடகைக்குக் கொடுக்காதே என்றார்கள். ஒருவர் செய்த தவறுக்கு எல்லாரையும் போலீஸ் கண்ணோடு பார்த்தார்கள். 'என்ன ஆளுங்க' என்று கேட்டுவிட்டு நமக்கு வீடு மறுக்கிற அதே வீட்டுக்காரர்கள்தான் இவர்களுக்கும் மறுத்தார்கள். ஆனால் நம் வீடுகளிலும் 'காப்பிரி' என்ற சொல் புழங்குகிறது. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், தலித் பேந்தர்ஸ் பெயரே பிளாக் பேந்தர்ஸிலிருந்து வந்தது என்று மேடையில் பேசிவிட்டு, தங்கச்சி கறுப்பின இளைஞரைக் கூட்டிவந்தால் முகம் சுளிக்கிற தோழர்களை நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் காந்தி எழுதியவற்றில் அந்தச் சொல்லின் ஆங்கில வடிவம் இருக்கிறது. 2016 ஜூனில் கானா பல்கலைக்கழகத்தில் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்த காந்தி சிலை, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. எனவே 'காந்தி தேசத்திலிருந்து வருகிறேன்' என்று அங்கே ஆரம்பித்தால் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அக்ரா வழியாகப் போகிறவர்கள் டு பாய்ஸ் கடைசியாக வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம். 1963இல் அங்கேதான் இறந்தார். இப்போது நினைவு மையமாக இருக்கிறது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசும். தூசி, வறட்சி, ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிரமம். பெரியவர்களுக்கு முதலில் நாம்தான் வணக்கம் சொல்ல வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில். இங்கே கல்யாணத்தைப் பதிவு செய்வதானால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும், அதை யார் யார் போய்ப் படிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கத்தை நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014இல் செல்லாது என்றுவிட்டது; தெரிந்துவைத்திருப்பது நல்லது. உங்கள் இணையர் உங்கள் பாலினத்தவர் என்றால் நைஜீரியப் பயணத்தைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தன்பாலினத் திருமணத்துக்குப் பதினான்கு வருடம் வரை சிறை உண்டு.

தோழியின் இணையர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஊரில் அவருடைய பள்ளித்தோழன் ஒருவன் ஓசு. அவன் வீட்டில் அவர் இதுவரை சாப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருவரும் அங்கே சாப்பிடப் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். யாரிடமும் அறிவித்துவிட்டுப் போகப்போவதில்லை. மாமியாருக்குத் திருப்பூர் பருத்தித் துணி எடுத்தாகிவிட்டது. அந்தத் தோழனின் அம்மாவுக்கும் அதே துணியில் ஒன்று எடுத்திருக்கிறார்.

மார்ச்சில் இணையரின் அம்மா கோவைக்கு வருகிறார். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள், வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எந்தத் தெரு என்று விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். லாட்ஜில் தங்கவைத்துவிடலாமா என்று தோழியின் அப்பா கேட்டிருக்கிறார். வேண்டாம், வளவிலேயே தங்கட்டும் என்று தோழி சொல்லிவிட்டார். படிவத்தை நிரப்பித் தருவதாக நாங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.